நன்னெறிப் பாடத்தில் தீயவனுக்கு யாருடைய முகம்?



கணினியைக் கொண்டு பாடம் நடத்துவது எப்படி என்று முன்பெல்லாம் மகிழ்ச்சியோடு எழுதியிருக்கிறேன். இன்று எழுதப் போவது நான் செய்த ஒரு தவற்றைப் பற்றியது. பல ஆண்டுகளாக மனத்திலேயே வைத்திருந்தேன். என் போன்ற ஆசிரியர் ஒருவருக்கேனும் பயன்படும் என்பதால் இப்போது எழுதுகிறேன்.

நம் நாட்டுத் தமிழ்ப்பள்ளிகளின் நடைமுறை ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் 50ஆம் பிரிவின்படி, ஒரு பள்ளியில் இசுலாமிய மாணவர்கள் ஐவரோ அதற்கு மேலோ இருந்தால் அவர்களுக்கு இசுலாமியக் கல்வி கற்பிக்கப்பட வேண்டும். மற்ற மாணவர்கள் நன்னெறிக் கல்வி பயில்வார்கள். எங்கள் பள்ளியில் அப்போது இசுலாமிய மாணவர் எழுவர் இருந்தனர். அனைவரும் தமிழ் முசுலிம் குடும்பத்துப் பிள்ளைகள். மணி அடித்ததும் அந்த எழுவரும் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு நூல்நிலையத்தின் மூலைக்குச் செல்வார்கள். அங்கே உஸ்தாசா அவர்கள் காத்திருப்பார். மற்றவர்களுக்கு நான் வகுப்பறையில் நன்னெறிக் கல்வி நடத்துவேன். இரண்டு அறைகளிலும் பொய் பேசாமை, பிறர் பொருளுக்கு ஆசைப்படாமை, பெற்றோரைப் பேணுதல் என்று ஏறத்தாழ ஒரே செய்திதான் நடந்துகொண்டிருக்கும்.

2003ஆம் ஆண்டில் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் திட்டம் வந்தபோது பள்ளிகளுக்கு மடிக்கணினிகளும் எல்.சி.டி. புரொஜெக்டர்களும் வந்தன. அவை அவ்விரு பாடங்களுக்கென வந்தவை என்றாலும், ஓய்வாக இருக்கும் நேரத்தில் நான் கேட்டு வாங்கி நன்னெறிப் பாடத்திற்குப் பயன்படுத்தி வந்தேன். காட்சிக்கலைக் கல்வியும் நானே போதித்ததால் படவில்லைகள் தயாரிப்பதில் எனக்கு ஆர்வம் அதிகம். இதைக் கண்ட உஸ்தாசா அவர்கள் 2011ஆம் ஆண்டில் ஒருநாள் என்னிடம் வந்து, தம் பிள்ளைகளுக்கும் அப்படிப் படங்கள் செய்து தர முடியுமா என்று கேட்டார். அவர் மலாய்க்காரர்; பாடம் மலாயில்தான் நடக்கும். பிள்ளைகள் வீட்டில் பேசுவது தமிழ். சொல் எட்டாத இடத்தில் படம் எட்டும் என்பது அவருடைய எண்ணம். நானும் பெருமையோடு ஒப்புக்கொண்டேன்.

முதலில் தயாரித்தது ‘பிறர் பொருளை எடுக்காதே’ என்ற படவில்லை. இரண்டு சிறுவர்கள். ஒருவன் நல்லவன், வெள்ளைத் தொப்பி, வாரிய தலை, சிவந்த முகம். மற்றவன் நண்பனின் பென்சில் பெட்டியைத் திருடுகிறான். பரட்டைத் தலை, பொத்தான் கழன்ற சட்டை. இருவரும் ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருந்ததால் பிள்ளைகளுக்கு வேறுபாடு தெரியவேண்டுமே என்று, திருடுகிறவனுடைய முகத்தில் கரும்பழுப்பு வண்ணத்தை நிரப்பினேன். சுட்டியை ஒருமுறை அழுத்தியதோடு வேலை முடிந்தது. அதற்கு மேல் நான் எதையும் எண்ணிப் பார்க்கவில்லை.

ஒரு வாரம் கழித்து, பள்ளி முடிந்த வேளையில் ஒரு மாணவனின் தந்தை என்னைத் தேடி வந்தார். நாசி கண்டார் கடையில் வேலை செய்பவர். கடையிலிருந்து நேராக வந்திருந்தார். கையில் சுருட்டிய வரைதாள் ஒன்று இருந்தது.

“டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க. சண்டை போட வரல. இத மட்டும் பாருங்க,” என்று தாளை விரித்தார்.

நான் காட்சிக்கலைப் பாடத்தில் கொடுத்த வீட்டுப்பாடம்தான் அது. ‘என் குடும்பம்’ என்பது தலைப்பு. அத்தா, அம்மா, அக்காள், தம்பி என எல்லாருக்கும் பழுப்பு வண்ணம் தீட்டியிருந்தான். நடுவில் தன்னை வரைந்து, முகத்திற்கு மட்டும் வண்ணம் தீட்டாமல் தாளின் வெண்மையை அப்படியே விட்டிருந்தான்.

“ஏன்டா உனக்கு மட்டும் கலர் அடிக்கலன்னு கேட்டேன். கலர் அடிச்சா திருடன்னு சொல்றாங்க அத்தான்னு சொல்றான்,” என்றார் அவர்.

நூல்நிலையத்தில் என் படவில்லை திரையில் விழுந்ததும் பிள்ளைகள் அவனைச் சுட்டிக்காட்டிச் சிரித்திருக்கிறார்கள். உஸ்தாசா சிரிப்பை அடக்கியிருக்கிறார். ஆனால், அவர்கள் தமிழில் சொன்ன சொல் அவருக்குப் புரியவில்லை. அந்தச் சொல் நூல்நிலையத்திலிருந்து வெளியேறிச் சிற்றுண்டிச்சாலை வரை போய்விட்டது. ஒரு வாரம் முழுவதும் அந்தப் பிள்ளைக்கு அதுவே பெயராக இருந்திருக்கிறது.

அன்று மாலை என் மடிக்கணினியில் இருந்த நன்னெறிப் படவில்லைகள் அனைத்தையும் திறந்து பார்த்தேன். தவறு செய்யும் சிறுவனோ சிறுமியோ இடம்பெற்ற படவில்லைகள் 23 இருந்தன. அவற்றுள் 17இல் தவறு செய்பவரே கறுத்தவர், அல்லது பருத்தவர், அல்லது கிழிந்த உடை உடுத்தியவர். மூன்று ஆண்டுகளாக அவற்றை என் வகுப்பில் காட்டியிருக்கிறேன். ஒரு பிள்ளையும் ஒரு சொல்லும் சொன்னதில்லை. இத்தனைக்கும் நானும் கறுப்பு நிறத்தவள்தான்.

மறுநாள் உஸ்தாசாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் என்மீது பழி சொல்லவில்லை. தாமும் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுத்தானே காட்டினேன் என்றார். பிறகு திருக்குர்ஆனின் 49ஆம் அத்தியாயமான அல்-ஹுஜுராத்தைப் பற்றிச் சொன்னார். ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரை ஏளனம் செய்வதும், பட்டப்பெயர் சூட்டி அழைப்பதும், தீய ஐயம் கொள்வதும், புறம் பேசுவதும் அந்த அத்தியாயத்தின் 11, 12ஆம் வசனங்களில் அடுத்தடுத்துத் தடுக்கப்பட்டுள்ளன. “சிக்கு, நாம் திருடக்கூடாது என்று சொல்லப் போய், ஏளனம் செய்யக் கற்றுக்கொடுத்துவிட்டோம்,” என்று அவர் மலாயில் சொன்னது இன்றும் என் காதில் இருக்கிறது. தொழுகைக்கு முதன்முதலில் அழைப்பு விடுத்தவர் பிலால் என்ற கறுத்த நிறத்து அபிசீனியர் என்பதையும் அப்போது நினைவூட்டினார். அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்க வேண்டிய கதை அதுதான்.

இனிப் படமே வேண்டாம் என்று நான் முடிவெடுத்திருந்தேன். அதை மாற்றியவரும் அவர்தான். நபிகள் நாயகம் அவர்களே வரைந்து காட்டிப் பாடம் சொல்லியிருக்கிறார்கள் என்றார். எனக்கு வியப்பாக இருந்தது. புகாரி நபிமொழித் தொகுப்பில் அந்தச் செய்தி உள்ளதாம். நபிகளார் ஒரு சதுரம் வரைந்தார்கள். அதன் நடுவிலிருந்து சதுரத்தைத் தாண்டி வெளியே செல்லும் ஒரு கோட்டை இழுத்தார்கள். நடுக்கோட்டை நோக்கிப் பக்கவாட்டில் சிறுசிறு கோடுகளையும் போட்டார்கள். நடுவில் இருப்பவன் மனிதன். சுற்றி வளைத்திருக்கும் சதுரம் அவனுடைய ஆயுள். வெளியே நீண்டு செல்வது அவனுடைய ஆசை. சிறு கோடுகள் அவனை எதிர்ப்படும் இடர்கள். ஒன்றிலிருந்து தப்பினால் மற்றொன்று அவனைப் பிடித்துக்கொள்ளும் என்பது விளக்கம்.

முகமில்லை, வண்ணமில்லை, ஒரு சதுரமும் சில கோடுகளுமே. ஆனாலும் அதைக் கேட்டவர் எவரும் மறக்க மாட்டார். பயிற்றுத்துணைப் பொருள் என்றால் இதுவன்றோ பயிற்றுத்துணைப் பொருள் என்று எனக்குத் தோன்றியது.

அடுத்த வாரம் அந்தப் படத்தையே படவில்லையாகச் செய்தோம். மணல் நிறப் பின்னணியில் ஒவ்வோர் அழுத்தத்திற்கும் ஒரு கோடு மட்டும் தோன்றும்படி அமைத்தேன். ஒவ்வொரு கோட்டிற்கும் பிறகு உஸ்தாசா, இது என்னவாக இருக்கும் என்று கேட்டார். பிள்ளைகள் ஊகித்துச் சொன்னார்கள். முழுப் படத்தையும் ஒரேயடியாகக் காட்டியிருந்தால் ஒரு நொடியில் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பியிருப்பார்கள். கோடு கோடாக வந்ததால் காத்திருந்தார்கள். நாளைக்குச் செய்யலாம், பிறகு செய்யலாம் என்று கடமையைத் தள்ளிப்போடுவதைப் பற்றிய பாடம் அது. பாடம் முடிந்ததும் எழுவரும் திடலுக்குச் சென்று குச்சியால் மண்ணில் அதே படத்தை வரைந்தார்கள்.

அந்த வகுப்பு தொடங்குமுன் நான் உஸ்தாசாவின் அனுமதியோடு அவர்கள்முன் நின்று, “அந்தப் படத்திற்குக் கறுப்பு வண்ணம் கொடுத்தவள் நான். அது தவறு. என்னை மன்னித்துவிடுங்கள்,” என்று சொன்னேன். அந்த மாணவன், “பரவால்ல டீச்சர்,” என்றான். ஆனால், என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. மன்னிப்புக் கேட்டதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான், அது உண்மையாகாது. அவன் என்னோடு பழையபடி பேசத் தொடங்க அந்த ஆண்டின் இறுதி ஆனது.

அதன்பின் உஸ்தாசாவும் நானும் சேர்ந்து செய்த முயற்சிகளில் சிலவற்றைப் பகிர்ந்துகொள்கிறேன்.

இசுலாமியக் கலையில் வடிவியல் கோலங்களுக்கும் எழுத்தணிக்கும் சிறப்பிடம் உண்டு. கோலாலம்பூரில் 1998இல் திறக்கப்பட்ட இசுலாமியக் கலை அருங்காட்சியகத்துக்குச் சென்றவர்கள் அதைக் கண்டிருப்பார்கள். அந்தக் கோலங்களில் எளியது எண்முனை விண்மீன். ஒரே அளவுள்ள இரண்டு சதுரங்களை ஒரே மையத்தில் வைத்து, ஒன்றை மட்டும் 45 பாகை திருப்பினால் விண்மீன் கிடைத்துவிடும். பவர்பாயிண்டில் இதைச் செய்யப் பத்து வயதுப் பிள்ளைக்கு ஐந்து நிமிடம் போதும். பிள்ளைகள் எழுவர், உஸ்தாசாவைச் சேர்த்தால் எண்மர். அண்டை வீட்டாருக்குச் செய்யத்தக்க நன்மை ஒன்றை ஒவ்வொருவரும் ஒரு முனையில் எழுதினார்கள். ஒரு முனையை வெட்டிவிட்டால் விண்மீன் என்ன ஆகும் என்று உஸ்தாசா கேட்டபோது, அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

உயிருள்ளவற்றை வரைவது பற்றி இசுலாமிய அறிஞர்களிடையே பல கருத்துகள் உள்ளன என்பதையும் அவரிடமே அறிந்தேன். ஆயிசா நாயகியார் சிறுவயதில் பொம்மைகள் வைத்து விளையாடிய செய்தி நபிமொழிகளில் இருப்பதால், பிள்ளைகளின் கல்விக்கான படங்களை ஏற்கும் அறிஞர்கள் உண்டு. தவிர்ப்பதே நன்று என்போரும் உண்டு. ஆனால், நபிகளாரை வரைவது கூடவே கூடாது. அப்படியானால் அவருடைய வாழ்க்கையை எப்படிக் காட்டுவது என்று கேட்டேன். 1976இல் முசுத்தபா அக்காத் இயக்கி வெளிவந்த ‘தி மெசேஜ்’ திரைப்படத்தை அவர் எடுத்துக்காட்டினார். அதில் நபிகளாரின் உருவமும் தோன்றாது, குரலும் ஒலிக்காது. அவர் இருக்கும் இடத்தில் படக்கருவி நிற்கும். எதிரே இருப்பவர்கள் அதைப் பார்த்துப் பேசுவார்கள். காட்டாமல் விடுவதும் ஒரு வடிவமைப்புதான் என்பதை அப்போதுதான் உணர்ந்தேன்.

நம் நாட்டிலும் நல்ல எடுத்துக்காட்டு உண்டு. ‘உப்பின் இப்பின்’ உயிரோவியத் தொடரை அறியாத பிள்ளை இங்கே இருக்க முடியாது. அது 2007இல் நோன்பு மாதத்தை ஒட்டி, நோன்பைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லும் சிறு தொடராகவே தொடங்கியது. அதில் நோன்பு நோற்கத் தெரியாமல் பசியில் தவிப்பவர்களும் கதைத் தலைவர்களான அந்த இரட்டையர்களே. தடுமாறுவதும் கற்றுக்கொள்வதும் ஒரே பிள்ளை. நல்லவன் ஒருவன், கெட்டவன் ஒருவன் என்று நான் பிரித்ததற்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைப் பாருங்கள். அதன்பின் என் படவில்லைகளிலும் தவறு செய்பவனும் திருந்துபவனும் ஒருவனே ஆனான்.

நுட்பச் சிக்கல்களும் வந்தன. வீட்டில் ஒழுங்காகத் தெரிந்த அரபு எழுத்துகள் பள்ளிக் கணினியில் தனித்தனியே உடைந்து, இடமிருந்து வலமாகத் திரும்பித் தோன்றின. தமிழ் எழுத்துருவோடு நாமெல்லாம் பட்ட பாடுதான். ஆனால், இங்கே உடைந்து கிடந்தது இறைவனின் திருப்பெயர். உஸ்தாசா உடனே திரையை அணைக்கச் சொன்னார். அன்றுமுதல் அரபு எழுத்துகளை அவர் சரிபார்த்த பிறகு படமாக மாற்றியே சேர்த்தோம். இறைவசனம் அச்சிட்ட தாள்களைக் குப்பைக் கூடையில் போடாமல் தனியே சேர்த்து அவரிடம் ஒப்படைக்கவும் கற்றுக்கொண்டேன்.

ஆண்டுகள் கடந்தன. அந்த உஸ்தாசா வேறு பள்ளிக்கு மாற்றலாகிச் சென்றார். மற்றோர் உஸ்தாசா வந்தார். 2020 மார்ச்சு 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபின் பாடமெல்லாம் வாட்சாப்பிலும் கூகள் மீட்டிலும் நடந்தது. அப்போது என் நன்னெறி வகுப்புக்கும் புதிய உஸ்தாசாவின் வகுப்புக்கும் ஒரே இடுபணியைக் கொடுத்தோம்: ‘அண்டை வீட்டாருக்கு உதவுக. உதவும்போது எடுத்த படத்தை அனுப்புக.’

அன்றிரவே ஒரு தாயாரிடமிருந்து குரல் பதிவு வந்தது. “டீச்சர், பக்கத்து வீட்டு அக்காவுக்குச் சோறு கொடுத்தான். போட்டோ எடுக்கப் போனேன். மாமி வேணாம்னு சொல்றாங்க. வலக்கை கொடுக்கிறது இடக்கைக்குத் தெரியக்கூடாதாம். நாங்க கொடுக்கிறதையும், அவங்க வாங்குறதையும் படம் பிடிக்கலாமா டீச்சர்?”

என்னால் உடனே விடை சொல்ல முடியவில்லை. மறைவாகத் தருமம் செய்வதை உயர்த்திச் சொல்லும் நபிமொழியைத்தான் அந்த மூதாட்டி நினைவூட்டியிருந்தார். பிறர் பார்க்க வேண்டும் என்பதற்காக நன்மை செய்வதை இசுலாம் கடிந்து பேசுகிறது. நாங்களோ சான்று வேண்டும், கோப்பில் சேர்க்க வேண்டும் என்பதற்காக அதையே இடுபணியாக்கியிருந்தோம். வேலை இழந்து வீட்டில் இருந்த அந்த அண்டை வீட்டுப் பெண், சோற்றுத் தட்டை வாங்கும் படம் இருபது பேர் கைப்பேசிக்குப் போயிருந்தால் அவருக்கு எப்படி இருந்திருக்கும்? 2011இல் என் படவில்லை ஒரு பிள்ளைக்குச் செய்ததையே, இப்போது என் இடுபணி இன்னொருவருக்குச் செய்ய இருந்தது.

உஸ்தாசாவோடு பேசி இடுபணியை மாற்றினோம். உதவி செய்த பிள்ளை ஒரு தாளில் சிறு கட்டம் ஒன்றுக்கு வண்ணம் தீட்ட வேண்டும். என்ன செய்தேன், யாருக்குச் செய்தேன் என்று எழுதத் தேவையில்லை. எங்களுக்கு அனுப்பவும் தேவையில்லை. மாத இறுதியில் தாளைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். கோப்பில் வைக்க எங்களிடம் ஒன்றும் இல்லாமல் போனது உண்மைதான். ஆனால், ‘கட்டம் போதவில்லை, இன்னொரு தாள் வேண்டும்’ என்று மூன்று பிள்ளைகள் கேட்டார்கள்.

என் பட்டறிவிலிருந்து ஆசிரியர்களுக்குச் சொல்லக்கூடியவை இவை.

1. படவில்லையைத் திரையிடுமுன் வகுப்பில் உள்ள பிள்ளைகளை ஒருவர் ஒருவராக மனத்தில் நிறுத்திப் பாருங்கள். அவர்களில் யாரேனும் அந்தத் ‘தீயவனை’ ஒத்திருக்கிறாரா?

2. தவற்றைக் காட்ட முகம் தேவையில்லை. ஒரு கை, ஒரு பென்சில் பெட்டி, ஒரு காலி நாற்காலி போதும்.

3. முடிந்த படத்தைக் காட்டாதீர்கள். படம் உருவாவதைக் காட்டுங்கள்.

4. பிற சமயத்துப் பிள்ளைகளுக்குப் பொருள் தயாரிக்கும்போது அந்தச் சமய ஆசிரியரின் கண்பார்வை படாமல் எதையும் திரையிடாதீர்கள். எதை வரையலாம் என்பதோடு, எதை வரையக்கூடாது என்பதையும் கேளுங்கள்.

5. நற்செயலுக்குப் படச் சான்று கேட்குமுன் அதனால் யாருடைய மானம் போகும் என்று எண்ணிப் பாருங்கள்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்தத் தந்தை கூச்சப்பட்டுக்கொண்டு வராமல் இருந்திருந்தால் இன்றும் அதே 23 படவில்லைகளைக் காட்டிக்கொண்டிருப்பேன். பிள்ளை வரைந்த படத்தில் ஏதேனும் மனத்தை உறுத்தினால் ஆசிரியரிடம் கொண்டுவந்து காட்டுங்கள். ஆசிரியர் தவறாக எடுத்துக்கொள்வாரோ என்று தயங்காதீர்கள்.

இப்போது செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்துவிட்டன. ‘திருடும் சிறுவன்’ என்று தட்டெழுதினால் படம் நொடியில் வந்து நிற்கிறது. வண்ணம் நிரப்பச் சுட்டியைக்கூட அழுத்த வேண்டியதில்லை. அந்த முகத்தை எந்தப் பிள்ளையின் முன் காட்டப் போகிறோம் என்பது அந்தக் கருவிக்குத் தெரியாது. நமக்குத் தெரியும்; தெரிந்திருக்க வேண்டும்.

அந்தத் தந்தை அன்று வரைதாளை என்னிடமே விட்டுச் சென்றார். அது இன்றும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. புதிய படவில்லை தயாரிக்க அமரும்போதெல்லாம் அதை ஒருமுறை எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் கணினியைத் திறக்கிறேன்.

அன்புடன்,
உங்களில் ஓர் ஆசிரியை